மூன்று நாள் யோகமலர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். அதுவாகவே லிப்டில் ஏறி வந்து, என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு பெட்டி நிறையப் பொரித்த றோல்ஸையும் வைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை மணி. ஐந்து வருடமாக ஒரு வரி எழுதாமல் இருந்தவளுக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. கழுவாத பாத்திரம் குசினியில் குவிந்து கிடக்கிறது. கிடக்கட்டும்.

என் பெயர் செரீனா. ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், வோபர்னில் இருக்கிறேன். கிழமையில் மூன்று நாள் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை. மிச்ச நாட்களில் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேருக்குப் போம் நிரப்பிக் கொடுப்பதும் நான்தான். அப்படி வருகிறவர்களில் இரண்டு பேர் கிளடிஸ் அக்காவும் யோகமலர் அக்காவும். இருவரும் பதினொரு வருடம் ஒரே பிஸ்கட் பக்டரியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். போன கோடையில் ஓடர் குறைந்து, ஒரே நாளில் இருவரையும் நிற்பாட்டினார்கள். அன்றிலிருந்து ஈ.ஐ. எடுக்கிறார்கள், அதாவது வேலை போனவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் காசு. இரண்டு கிழமைக்கு ஒரு முறை கொம்பியூட்டரில் றிப்போட் அனுப்பவேண்டும். அதற்குத்தான் என் மேசை.

றிப்போட்டில் ஒரு கேள்வி வரும்: இந்த இரண்டு கிழமையில் வேலை செய்தீர்களா? எட்டு மாதமாக நான் வாய்விட்டுக் கேட்பதுகூட இல்லை. இல்லை, இல்லை என்று இரண்டு தட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன மனநிலையோ, கேட்டுவிட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"செரீனா, நான் வேலை செய்தனான்," என்றார் கிளடிஸ் அக்கா. "ஆனா செய்தது மலரக்கா."

"நான் செய்யேல்லை," என்றார் யோகமலர் அக்கா. "ஆனா வேலைக் காட் என்ர."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டு பெண்கள் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மனதுக்குள் பேனா தேடுகிறேன். இந்த வெட்கம்கெட்ட சந்தோசம் கதை முழுக்க வரும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம் எழுதுவதில் திங்கட்கிழமை முழுதும் போனது. கைவிட்டவற்றை அப்படியே விட்டுவைக்கிறேன்.

"மார்ச் மாதக் கடைசிப் பனியில் மார்க்கம் வீதி வெள்ளைப் போர்வை போர்த்தி—" (நிறுத்து. ரொறன்ரோவில் தமிழில் எழுதுகிற எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறோம். அன்று பனியும் பெய்யவில்லை.)

"யோகமலர் என்ற பெண் அந்தப் புதன்கிழமை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தாள்." (இதை எழுதிவிட்டு எழும்பி வீட்டைச் சுற்றி நடந்தேன், அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஆனால் நீங்கள் பேய்க்கதை என்று நினைப்பீர்கள். அது பொய்யும்கூட. அவர் இருந்தது ஆசுப்பத்திரியில் மட்டும்.)

"ஈ.ஐ. எடுத்துக்கொண்டு இடைக்கிடை வேலை செய்வது குற்றமா என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு—" (இது பத்திரிகைக் கட்டுரை.*)

*கட்டுரை என்றாலும் அடிக்குறிப்பாக இருக்கட்டும், தேவைப்படும். குற்றமில்லை. மூன்று நாள், நாலு மணித்தியாலம் என்று எந்தத் தற்காலிக வேலையும் செய்யலாம். செய்ததை, செய்த கிழமையிலேயே, மணித்தியாலத்தோடு சொல்லவேண்டும், அவ்வளவுதான். உழைத்ததில் ஏறக்குறைய அரைவாசியை ஈ.ஐ.யில் குறைப்பார்கள், மிச்சம் உங்களுக்குத்தான். முழுதும் போய்விடும் என்று பயந்து சொல்லாமல் விடுகிறவர்கள்தான் பிறகு கடிதம் வந்து கலங்குகிறார்கள். எங்கள் இருவரும் அந்த வகை இல்லை. அவர்களுக்குச் சொல்ல விருப்பம். யார் சொல்வது என்பதுதான் சிக்கல்.

தொடக்கம் இல்லாமலே போகிறேன்.

3

நடந்தது இது. இருவரும் ஒரே நாளில் ஒரே ஏஜென்சியில் பெயர் பதிந்தவர்கள். வேலை வரும், ஆயத்தமாக இருங்கள் என்று ஏஜென்சி யோகமலர் அக்காவை ஏழெட்டு முறை கூப்பிட்டது; உண்மையில் வேலை வந்தது இந்த முறைதான். கிளடிஸ் அக்காவை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. ஏன் என்று எவருக்கும் தெரியாது. யோகமலர் அக்காவுக்கு ஓரளவு உழைக்கும் கணவர் இருக்கிறார். கிளடிஸ் அக்கா வீட்டில் உழைப்பவர் அவர் ஒருவர்தான், ஈ.ஐ.யோ இன்னும் மூன்று கிழமையில் முடிகிறது.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் பின்னேரம் ஏஜென்சி யோகமலர் அக்காவுக்கு அடித்தது. புதன், வியாழன், வெள்ளி; மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டுப் பொதி செய்யும் இடம். "ஓம், வாறன்" என்று போனை வைத்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, மகள் துர்க்காவுக்கு வயிற்றுக்குத்துத் தொடங்கிவிட்டது. தலைப்பிள்ளைப் பேறு. ஒரு முறை வரமாட்டேன் என்றால் ஏஜென்சி மறுமுறை கூப்பிடாது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. உண்மையோ பொய்யோ, அந்த நம்பிக்கையில் காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே யோகமலர் அக்கா, எங்கள் சனம் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார். கோயிலுக்குப் போகமுடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரியிடம் அர்ச்சனைத் தட்டைக் கொடுத்துவிடுவதில்லையா, அதுபோல வேலையைக் கொடுத்துவிட்டார்.

"இந்தா பிள்ளை, காட். மூண்டு நாள்தானே. முகத்தை ஆர் பாக்கப்போறாங்கள்?"

யாரும் பார்க்கவில்லை. ஏஜென்சி கொடுத்த அந்த அட்டையில் படமில்லை, பெயரும் நம்பரும்தான். தலைக்கு வலை, வாய்க்கு மாஸ்க், உடம்புக்கு வெள்ளைக் கோட். பிளாசா வாசலில் ஏஜென்சி வான்காரர் பட்டியலைப் பார்த்து "யோகா" என்று கூப்பிட, கிளடிஸ் அக்கா ஏறினார்.

"பயமா இருக்கேல்லையா அக்கா?" என்று கேட்டேன்.

"வான் ஹைவேயில ஏறினவுடனை பயம் போயிட்டுது. எட்டு மாசத்துக்குப் பிறகு விடிய எழும்பி வேலைக்குப் போறன், செரீனா. எனக்குச் சந்தோசமா இருந்தது."

(இந்த இடத்தில் "பாவம் அந்தப் பெண்" என்று ஒரு வசனம் இருந்தது. வெட்டிவிட்டேன். அவர் சந்தோசமாக இருந்தேன் என்கிறார். நான் யார் பாவம் சொல்ல?)

4

இனி வெள்ளிக்கிழமை. இந்தக் கதையை எழுதவேண்டும் என்று என்னைப் பிடித்து உலுக்கிய நாள் இதுதான், ஆகவே கொஞ்சம் வேகமாகப் போவேன்.

மத்தியானச் சாப்பாட்டு அறை. மாஸ்க்கைக் கழற்றி, கிளடிஸ் அக்கா பெட்டியைத் திறக்கிறார். புட்டும் மீன்குழம்பும். எதிரே ராகுலன் என்றொருவர், அங்கே நாலு வருடமாக வேலை செய்கிற எங்கள் ஆள். அட்டையைப் பார்க்கிறார்: யோகமலர். பெட்டியைப் பார்க்கிறார்: மீன். அன்றைய நாளை நினைக்கிறார்: வெள்ளி. அந்தச் சைவப் பெயரும் அந்தச் சாப்பாடும் அந்த நாளும் ஒரு மேசையில் சந்திக்கக்கூடாது. கிளடிஸ் அக்காவோ கத்தோலிக்கர்; தபசு காலத்து வெள்ளி என்று இறைச்சியைத் தவிர்த்து, மீன் கொண்டுபோனவர். அவரவர் விரதம் அவரவருக்கு.

ராகுலன் குரலைத் தாழ்த்தினாராம். "அக்கா, பேருக்கேத்த சாப்பாடு கொண்டுவாங்கோ. வெள்ளைக்காரருக்குத் தெரியாது. எங்கட ஆக்கள் இன்னும் ஆறு பேர் இங்க நிக்கினம்."

கிளடிஸ் அக்கா மீனைப் புட்டுக்குள் தள்ளி மறைத்தார். ராகுலனோ வேறொன்றும் கேட்காமல், தன் பெட்டியிலிருந்த பருப்பில் பாதியை அக்காவின் பெட்டியில் போட்டுவிட்டு எழும்பிப் போனார். (ராகுலனுக்கு ஒரு முழுக் கதை கொடுக்கலாம். வேண்டாம், இழுபடும்.)

அதே நாள் இரண்டரை மணி. லைன் ஓடுகிறது. தட்டுகள் வருகின்றன, இவர் மூடியை அழுத்துகிறார், அடுத்தவர் ஸ்ரிக்கர் ஒட்டுகிறார். பச்சை ஸ்ரிக்கர் என்றால் சைவம். கிளடிஸ் அக்கா நிமிர்ந்து பார்க்கிறார். பச்சை ஸ்ரிக்கர் ஒட்டிய மூடிக்குக் கீழே கோழி. அடுத்ததும் கோழி. அதற்கடுத்ததும். ஸ்ரிக்கர் றோல் மாறிப்போயிருக்கிறது. முன்னால் ஏற்கெனவே பெட்டி பெட்டியாக அடுக்கியாகிவிட்டது.

தற்காலிகமாக வந்தவர்கள் லைனை நிற்பாட்டுவதில்லை. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். இவரோ பொய்ப் பெயரில் நிற்கிறார், மத்தியானம்தான் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார், தலையைக் காட்டாமல் இருப்பதுதான் புத்தி.

சிவப்புப் பட்டனை அமத்தினார்.

முழு இடமும் அமைதியானது. சுப்பவைசர் ஓடி வந்தார், உயரமான பெண். கிளடிஸ் அக்கா ஒரு தட்டின் மூடியைத் திறந்து காட்டினார். எண்ணிப் பார்த்தபோது நானூற்றுச் சொச்சம் தட்டுகள். விரதக்காரர்கள் ஆகாயத்தில் இருந்துகொண்டு கோழி தின்றிருப்பார்கள்.

"உன் பெயர் என்ன?" என்று கேட்டார் சுப்பவைசர்.

கிளடிஸ் அக்கா குனிந்து நெஞ்சிலிருந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

ஐந்து மணிக்கு அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். நிரந்தர வேலை. திங்கள் தள்ளி வரும் திங்கள் தொடங்கலாம், அடுத்த வெள்ளிக்குள் போன் பண்ணிப் பதில் சொல்லவேண்டும். நம்பரை எழுதிய துண்டில், மேலே பெரிதாக: யோகமலர்.

5

இப்போது ஒரு சந்தேகம், உங்களிடமே கேட்கிறேன். யோகமலர் அக்காவை என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை எழுதிய பிரதியில் அவர் கொஞ்சம் கெட்டவர். "பேர் என்ர, வேலையும் என்ர" என்று மேசையில் குத்துகிறார். எழுத நல்ல உற்சாகமாக இருந்தது. சண்டை இருந்தால் கதை தானே ஓடும். ஆனால் ஞாயிறன்று அவர் சொன்னது வேறு, அதை மறைத்தால் நான்தான் கெட்டவள்.

"நீயே போ பிள்ளை. என்ர பேரிலயே போ. எனக்கினி முதுகு ஏலாது, பேரப்பிள்ளையையும் பாக்கவேணும். பேர்தானே, தேஞ்சா போகப்போகுது?"

தேய்ந்து போகாதுதான். ஆனால் பாருங்கள், உழைக்கப்போவது கிளடிஸ், பென்ஷன் சேரப்போவது யோகமலருக்கு. லைனில் கை மாட்டினால் காயம் கிளடிஸுக்கு, காயத்துக்கான போம் யோகமலருக்கு. மூன்று கிழமையில் ஈ.ஐ. முடிந்ததும், நாளுக்கு எட்டு மணித்தியாலம் வேலை செய்கிற கிளடிஸ் அரசாங்கக் கணக்கில் வேலையில்லாதவர். திரும்ப ஈ.ஐ. கேட்கவும் மணித்தியாலம் இருக்காது. இதை நான் விளக்கியபோது யோகமலர் அக்கா வாயில் கைவைத்தார். அவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார். நல்ல மனது எவ்வளவு ஆபத்தான சாமான் என்று அன்றுதான் கண்டேன்.

அன்று றிப்போட் அனுப்பவில்லை. அனுப்ப இன்னும் நாள் இருக்கிறது என்று லப்டொப்பை மூடினோம். றோல்ஸை மட்டும் சாப்பிட்டோம்.

6

புதன்கிழமை முடிவுகள் எழுதினேன். மூன்று.

முதலாவது: கிளடிஸ் யோகமலராகவே போகிறார். வருடங்கள் போகின்றன. தலைவலி மாத்திரைப் போத்தலிலும் அந்தப் பெயர். கடைசியில் வீட்டில் யாரோ "கிளடிஸ்" என்று கூப்பிட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. (எழுதியதும் கை தட்டிக்கொண்டேன். இதைவிட நல்ல முடிவு எனக்கு வராது.)

இரண்டாவது: உண்மையான யோகமலர் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறார். சுப்பவைசர் கண்களைப் பார்க்கிறார். "நீ அவள் இல்லையே," என்று— (வேண்டாம். சிரிப்புக்கதை ஆகிவிடும்.)

மூன்றாவது: இருவரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள், எல்லோரும் மன்னிக்கிறார்கள். (இதை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது.)

முதலாவதையே வைப்பது என்று முடிவுசெய்தேன். இதை நேராகச் சொல்லவேண்டும்: அந்த முடிவு அழகாக இருந்ததால், கிளடிஸ் அக்கா அப்படியே போய்விட்டால் நல்லது என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். என் கதைக்காக.

இதுவரை இந்தக் கதைக்குப் பதினேழு மணித்தியாலம் செலவாகியிருக்கிறது. இது வேலையா என்று என்னை எந்தப் போமும் கேட்டதில்லை.

7

நேற்று வியாழன் பின்னேரம் கிளடிஸ் அக்கா வந்தார். கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தேன். பெருமைதான், வேறென்ன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக, உதடு அசைய வாசித்தார். ராகுலன் வந்த இடத்தில் சிரித்தார். சிவப்புப் பட்டன் இடத்தில் ஒருமுறை நின்று, திரும்ப மேலே போய் வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். உது ஆர் றெஜினா?"

"நீங்கள்தான் அக்கா."

ஓம். இதுவரை நீங்கள் வாசித்த பக்கங்களில் நேற்றுப் பின்னேரம் வரை கிளடிஸ் என்ற பெயரே இருக்கவில்லை. எங்கும் றெஜினா என்றுதான் போட்டிருந்தேன். யாருக்கும் பிரச்சினை வரக்கூடாதே என்று எழுதுகிறவர்கள் செய்கிற வழக்கமான காரியம்.

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மூண்டு நாள் நான் மலரக்கா. உம்மட கதையில றெஜினா. அப்ப அந்தப் பட்டனை அமத்தினது ஆர், செரீனா?"

நான் தாள்களை என் பக்கம் இழுத்தேன்.

"என்ர சீவியத்தில நான் ஒரு இடத்தையும் நிப்பாட்டினதில்லை. எல்லாரும் நிப்பாட்டினது என்னைத்தான். அண்டைக்கு நான் ஒரு லைனையே நிப்பாட்டினன். உதுக்கு என்ர பேரைப் போடும்."

"அக்கா, அச்சில வரும். யாராவது வாசிச்சுப்போட்டு—"

"வாசிக்கட்டும். லப்டொப்பைத் திறவும்."

அவரே தட்டினார், ஒரு விரலால். வேலை செய்தீர்களா? ஆம். எத்தனை மணித்தியாலம்? இருபத்திரண்டரை. யாரிடம் என்ற இடம் வந்ததும் விரலை எடுத்துவிட்டு, யோகமலர் அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். பின்னால் குழந்தை வீரிட்டு அழுதது.

"மலரக்கா, நான் செய்த வேலையை நான் செய்தனான் எண்டு சொல்லப்போறன். உங்களுக்கும் கரைச்சல் வரும். ஏஜென்சி இனி உங்களைக் கூப்பிடாது. உங்களைக் கேக்காமல் செய்யேலாது."

குழந்தையின் அழுகை கொஞ்சம் தூரப் போனது. அவர் வேறு அறைக்குப் போயிருக்கவேண்டும்.

"எனக்கு விருப்பமில்லைப் பிள்ளை," என்றார் யோகமலர் அக்கா. கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "ஆனா சொல்லு. நாளைக்குப் பின்னேரம் ஈ.ஐ. ஒஃபிசுக்கும் ரெண்டு பேரும் போவம். நான் செய்யேல்லை எண்டு நான் சொல்லுறன். நீ செய்தனீ எண்டு நீ சொல்லு. ஒராள் சொன்னா நம்பமாட்டாங்கள்."

கதையில் யோகமலர் அக்காவின் பெயரை மாற்றவா என்று போனில் கேட்டேன்.

"விடு செரீனா. ஏற்கெனவே மிசிசாகாவெல்லாம் போய் வந்த பேர்தானே."

கிளடிஸ் அக்கா மிச்சத்தையும் தட்டி றிப்போட்டை அனுப்பியபின், நான் றெஜினாவை எடுத்துவிட்டேன். கொம்பியூட்டர் ஒரு நொடியில் மாற்றித் தந்தது. மாற்றியபின் முழுதும் வாசித்தேன். முதலாவது முடிவின் அழகு போய்விட்டது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

8

வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கிளடிஸ் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து அந்தத் துண்டைப் பார்த்து நம்பரை அழுத்துகிறார். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். மணி போகிறது. எடுத்துவிட்டார்கள்.

அவர் தன் ஆங்கிலத்தில், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். தமிழில் இப்படி வரும்: "போன வெள்ளிக்கிழமை உங்கட லைனை நிப்பாட்டினது நான். என்ர பேர் யோகமலர் இல்லை. அவ என்ர சிநேகிதி, அவவின்ர காட்டில வந்தனான், அது பிழை. என்ர பேர் கிளடிஸ். அந்த வேலை எனக்கு வேணும்."

நாலாவது முடிவு என்னிடம் இல்லை. வைத்திருந்தாலும் தரமாட்டேன், இனி இவருக்காக நான் ஒன்றும் தீர்மானிப்பதாக இல்லை.

அந்த உயரமான சுப்பவைசர் நீங்கள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை உங்கள் லைனில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. பொய் அட்டையோடு உள்ளே வந்தவரும் நானூறு தட்டுகளைக் காப்பாற்றியவரும் ஒரே ஆள். இதற்கென்று உங்கள் அலுவலகத்தில் ஒரு விதி இருக்கும், எனக்குத் தெரியும். உங்களுக்கு மேலே இன்னொருவர் இருப்பார், அதுவும் தெரியும்.

போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. மறுமுனையில் யாரோ மூச்செடுக்கும் சத்தம் கேட்கிறது. கிளடிஸ் அக்கா பதிலுக்காகக் காத்திருக்கிறார்.